தலைக்கு மேலே படுதா மட்டும்

அனகாபுத்தூரிலிருந்து பம்மல் போகும் வழியில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு டிங்கரிங் பட்டறை. தகரக் கொட்டகை, வாசலில் ஒரு வேப்பமரம், அதன் நிழலில் மூன்று பழைய ஜீப்புகள். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் கொட்டகைக்கு மேல் தாழப் பறக்கும்போதெல்லாம் பேச்சு நின்றுபோகிறது. சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். நான் போன சனிக்கிழமை காலையில், நடுவில் நின்ற ஜீப்புக்கு ‘ரோல் பார்’ மாட்டிக்கொண்டிருந்தார்கள். முன்சீட்டுக்குப் பின்னால், தலைக்கு மேலே வளைந்து நிற்கும் குழாய். வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களின் தலை தரையில் படாமல் தாங்க வேண்டியது அது.

குழாய் கண்ணாடி போல மின்னியது. மேலே நான்கு விளக்கு மாட்டத் துளை போட்டிருந்தார்கள். வண்டிக்காரருக்கு முப்பது வயது இருக்கும். “எப்படி சார் இருக்கு? கெத்தா இல்ல?” என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குப் பதில் வரவில்லை.

அறுபதை நெருங்கும் டிங்கர், விரலை மடக்கிக் குழாயைத் தட்டினார். மணி அடித்த மாதிரி ‘டிங்’கென்று ஒலித்தது.

“கேட்டீங்களா சார்? மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடுற எஸ்.எஸ். பைப்பு. ஒரு மில்லிமீட்டருக்கு மேல கனம் கிடையாது. வண்டி குப்புறக் கவுந்துச்சுன்னா பப்பாளித் தண்டு மாதிரி மடங்கிடும்.”

“அண்ணே, இத நீங்க மொதல்லயே சொல்லலியே?” என்றார் வண்டிக்காரர்.

“சொன்னேன் தம்பி. நீங்க பளபளன்னு வேணும்னீங்க.”

பின்சக்கரத்துக்கு மேலே மேடாக இருக்கும் தகரத்தில்தான் குழாயின் காலை போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்தத் தகரத்தை நான் கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே போய்த் திரும்பி வந்தது.

இந்த ஜீப்பை ஏன் வாங்கினீர்கள் என்று இளைஞரைக் கேட்டேன். 2015 டிசம்பர் என்றார். அடையாறு பெருகி, ஆற்றோரத் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த நாட்கள். கார்கள் நின்றுபோயின, பைக்குகள் மூழ்கின. பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் பழைய ஜீப் மட்டும் பால் பாக்கெட்டுகளையும் வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு போய்ப் போய் வந்ததாம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இவர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், வாங்கினால் ஜீப்தான் என்று. சேர்த்து வைத்த பணத்தில் ஒரு ‘ஆர்மி டிஸ்போசல்’ வண்டியை வாங்கி, என்ஜின் பிரித்து, பெயிண்ட் அடித்து, தகுதிச் சான்றும் (எஃப்.சி.) எடுத்திருக்கிறார். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீரில் அந்த வண்டியைக் காப்பாற்றியது அதன் உயரம். வளைவிலும் சாலை விளிம்பிலும் அதைக் கவிழ்க்கப்போவதும் அதே உயரம்தான். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நாலடியும் அரை அங்குலமும்

ஜீப் யுத்தத்துக்குப் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் நிறுவனம் கட்டியது. கண்ணாடிச் சட்டத்தை முன்பக்கம் மடக்கி பானட்டின் மேல் படுக்க வைத்துவிடலாம். கூரை என்பது கம்பியில் இழுத்துக் கட்டிய படுதா. கதவு கிடையாது. குண்டு விழுந்தால் சிப்பாய் ஒரே தாவில் வெளியே குதிக்க வேண்டும் என்ற தேவை அந்த வடிவத்துக்குள் இருக்கிறது. 1940களின் கடைசியில் மகிந்திரா அதை பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. அமெரிக்காவில் அந்த மாடல்கள் மறைந்த பிறகும் உயரமான பானட் கொண்ட 3பி, பிறகு 540, மேஜர் என்று நம் ஊரில் பல பத்தாண்டுகள் ஓடின. 1985இல் மாருதி ஜிப்சி வந்தது. போலீஸ், வனத்துறை, பொதுப்பணித்துறை, தேயிலைத் தோட்டம், தேர்தல் பிரசாரம் என்று இந்த வண்டிகள் நுழையாத இடமில்லை. கண்ணாடிச் சட்டம் மட்டும் கடைசிவரை மடங்கிக்கொண்டே இருந்தது.

பட்டறையில் ஒரு டேப் வாங்கி அளந்து பார்த்தோம். இடச் சக்கரத்தின் நடுவிலிருந்து வலச் சக்கரத்தின் நடுவரை நாலடியும் அரை அங்குலமும். அதாவது 123 செ.மீ. இதில் பாதியை, வண்டியின் எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவால் வகுக்க வேண்டும். எடை மையத்தை அளக்கப் பட்டறையில் வசதி இல்லை. கணக்குக்காக 2 அடி, அதாவது 61 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் விடை ஏறத்தாழ 1.

இந்த எளிய வகுத்தல் கணக்குக்கு உலகத்தில் பெரிய மரியாதை உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 மாடல் வண்டிகளிலிருந்து இதை வைத்துத்தான் கவிழும் அபாயத்துக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. விடை 1.45 அல்லது அதற்கு மேல் வந்தால் 5 நட்சத்திரம். அந்த வண்டி தனியாக விபத்தில் சிக்கினால் கவிழும் வாய்ப்பு 10 விழுக்காட்டுக்கும் குறைவு. 1.03 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஒரே நட்சத்திரம். கவிழும் வாய்ப்பு 40 விழுக்காட்டுக்கும் மேல். சாதாரணக் கார்களுக்கு 1.3 முதல் 1.5 வரை வரும். உயரமான வண்டிகளுக்கு 1 முதல் 1.3.

நம் இளைஞரின் ஜீப், வெறும் வண்டியாக நிற்கும்போதே கடைசிப் படியில் நிற்கிறது. இனி அதற்கு ஷாக்கிள் மாற்றி, பெரிய டயர் போட்டு 2 அங்குலம் ‘லிஃப்ட்’ செய்யப் போகிறாராம். கணக்கு ஏறத்தாழ 0.93க்கு இறங்கிவிடும். பின்னால் எதிரெதிர் பெஞ்சில் ஆறு பேர் ஏறினால் எடை மையம் இன்னும் மேலே போகும். சோதனையில் நிற்பது கூட்டம் ஏறாத வண்டி. சாலையில் ஓடுவது குடும்பத்தோடு ஓடும் வண்டி.

உயரமான வண்டி தானாகவே கவிழ்ந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். சமமான தார்ச்சாலையில் வேகமாகத் திருப்பினால் பெரும்பாலும் டயர் வழுக்கும், வண்டி பக்கவாட்டில் இழுபடும். அப்படி இழுபடும்போது எதிலாவது இடறினால்தான் குடை சாயும். தனி வண்டி கவிழும் விபத்துகளில் 95 விழுக்காடு இப்படி இடறி நடப்பவை என்கிறது அதே அமெரிக்க நிர்வாகம். இடறுவதற்கு நம் ஊரில் என்ன குறை? தார் மேல் தார் போட்டு அரையடி உயர்ந்த சாலை விளிம்பு, விளக்கில்லாத இடத்தில் திடீரென்று ஆரம்பிக்கும் தடுப்புச்சுவர், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி மூடாத பள்ளம், லாரி கொட்டிவிட்டுப் போன எம்-சாண்ட். இடச் சக்கரம் விளிம்பிலிருந்து இறங்கியதும் பதறி வலப்பக்கம் வெடுக்கென்று ஒடிக்கிறோம். அந்த ஒரு வெடுக்கு போதும். பழைய ஜீப்பின் ஸ்டியரிங்கில் ‘பிளே’ அதிகம். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அழுத்தினால் ஒரு பக்கம் இழுக்கும்.

புதிய வண்டிகளில் இந்த வெடுக்கைச் சமாளிக்க மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு இருக்கிறது. வண்டி இழுபடத் தொடங்கிய கணத்திலேயே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேராக்கிவிடும். அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். 2023 அக்டோபரில் தொடங்கிய நம் பாரத் என்கேப் மோதல் சோதனை மதிப்பீட்டில், இது இல்லாத வண்டி 3 நட்சத்திரத்தைத் தொட முடியாது. ஆனால் இதுபோன்ற பழைய ஜீப்புக்கு இதைப் பொருத்த வழியில்லை.

கண்ணோத்துமலை வளைவு

2023 ஆகஸ்ட் 25. வயநாட்டில் மானந்தவாடிக்கு அருகே, தலப்புழா கண்ணோத்துமலை. கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பிய பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப், வளைவில் தடம் மாறி ஏறத்தாழ 25 மீட்டர் பள்ளத்தில் உருண்டது. 9 பேர் இறந்தார்கள். ஒன்பது பேருமே பெண் தொழிலாளர்கள்.

இந்தச் செய்தியை நான் பல முறை திரும்பப் படித்தேன். நமக்கு அது பக்கத்து மாநிலச் செய்தி மட்டும் கிடையாது. கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டு பெஞ்சில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருப்பார்கள். பிடித்துக்கொள்ள மேலே படுதாக் கம்பி. அந்தக் கம்பி சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. பெல்ட் என்ற பேச்சே அங்கே இல்லை. பக்கவாட்டு பெஞ்சில் பெல்ட் மாட்ட இடமே கிடையாது. அவர்களுக்கு ஜீப் ஆசைக்கு வாங்கிய வண்டியும் இல்லை. வேறு வண்டி வராத பாதை அது. கூலியை நம்பி ஏறுகிறவர்களிடம் ‘ஏன் ஏறினீர்கள்’ என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

ஒரு வண்டி உருளும்போது உள்ளே இருப்பவருக்கு நேர்வது இரண்டில் ஒன்று. வெளியே வீசப்படுவார், வீசப்பட்டவர் மேலேயே வண்டி புரளும். அல்லது உள்ளேயே இருப்பார்; கூரை நசுங்கித் தலைமேல் இறங்கும். சீட் பெல்ட், கவிழும் விபத்தில் சாகும் அபாயத்தை முக்கால் பங்கு அளவுக்குக் குறைக்கிறது என்பது அமெரிக்கக் கணக்கு. நம் நாட்டில் 2022இல் மட்டும் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓட்டுநர்கள் இல்லை, கூட உட்கார்ந்து வந்தவர்கள்.

ஆனால் படுதா ஜீப்பில் பெல்ட்டோடு வேலை முடியாது. பெல்ட் உங்களைச் சீட்டோடு பிடித்து வைக்கும். மேலே தாங்க எதுவும் இல்லையென்றால் வண்டியின் எடை முழுவதும் கழுத்தில் இறங்கும். ரோல் பார் மட்டும் இருந்து பெல்ட் இல்லையென்றால், வெளியே பறந்த ஆள்மேல் அந்தக் குழாயே வந்து விழும். இரண்டையும் ஒரே காவலாகத்தான் பார்க்க வேண்டும். உழவு டிராக்டர் விஷயத்தில் உலகம் இதை நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறது: தலைக்கு மேல் தாங்கும் காப்புச் சட்டம் இருந்தால் பெல்ட் போடு, சட்டம் இல்லாத டிராக்டரில் பெல்ட்டைக் கட்டிக்கொள்ளாதே என்றே ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

டிராக்டர் என்றதும் ஸ்வீடனைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே புதிய டிராக்டர்களுக்குக் காப்புச் சட்டத்தை 1959இலேயே கட்டாயமாக்கினார்கள். பிறகு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய டிராக்டர்களுக்கும் விதியை நீட்டினார்கள். 1957இல் ஒரு லட்சம் டிராக்டருக்கு 17 என்று இருந்த கவிழ்ந்து இறப்போர் கணக்கு, 1990இல் 0.3 ஆனது. நிலம் மாறவில்லை, சரிவு மாறவில்லை, டிராக்டர்கள் கவிழ்வதும் நின்றுவிடவில்லை. கவிழ்ந்த டிராக்டருக்கு அடியில் உயிர் பிழைக்க இடம் கிடைத்தது. பழைய வண்டி என்று கைவிடாமல் அதற்கும் சட்டம் மாட்டச் சொன்னார்களே, அந்த இடம்தான் என்னை மிகவும் தொட்டது.

அமெரிக்கர்கள் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டார்கள். ஜீப் சிஜே வண்டிகள் கவிழும் சோதனைப் படம் 1980 டிசம்பரில் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெளியாகி நாடே அதிர்ந்தது. 1986இல் சிஜே நின்று, அடுத்து வந்த ராங்லர் அகலமாகவும் தாழ்வாகவும் அமைந்தது. ஜிப்சியின் உறவுக்காரனான சுசுகி சமுராயை ‘ஏற்கத்தக்கதல்ல’ என்று 1988இல் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் எழுதியது. சோதனையே தவறு என்று சுசுகி வழக்குப் போட்டது. 2004இல் சமரசத்தில் முடிந்தது. யார் சொன்னது சரி என்பதில் நான் இறங்கவில்லை. இங்கே நம் ஜிப்சிக்கு 1993இல் முன்பின் இரண்டு அச்சுகளிலும் சக்கர இடைவெளியை 90 மி.மீ. கூட்டினார்கள். இன்றும் பழைய ஜிப்சி வாங்கப் போகிறவர்கள் ‘ஒய்டு டிராக்கா?’ என்று முதலில் கேட்பது அதனால்தான். மூன்றரை அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் நம் வகுத்தல் கணக்கில் மேலே நிற்கும் எண் அது.

2019இல் மோதல் சோதனையும் காற்றுப்பையும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானபோது ஜிப்சி விடைபெற்றது. அடுத்த ஆண்டு வந்த மகிந்திராவின் புதிய ‘தார்’ ஜீப், வண்டியோடு ஒன்றாகக் கட்டிய காப்புச் சட்டத்தோடு வந்து, குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது. மகிந்திராவின் ஆராய்ச்சி மையம் இருப்பது தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையிலேயே நேராகப் போனால் வரும் மகிந்திரா சிட்டியில். நம் வாசலுக்குப் பக்கத்திலேயே அந்த அறிவு இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. (ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாரத் என்கேப் முன்னும் பக்கவாட்டிலும் மோதிப் பார்க்கும், வண்டியை உருட்டிப் பார்ப்பதில்லை.) ஆனால் அனகாபுத்தூர் வேப்பமரத்தடி ஜீப்புக்கு அந்த அறிவால் ஒரு பயனும் இல்லை. டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. 15 வருடம் முடிந்தாலும் தகுதிச் சான்று வாங்கி ஐந்தைந்து வருடமாக ஓட்டலாம். ஆகவே இந்த ஜீப்புகள் இன்னும் பல காலம் நம் சாலைகளில் இருக்கும். மனசுக்குப் பிடித்த வண்டியை உடைப்புக்குப் போடு என்று நான் சொல்லப்போவதில்லை.

8.8 என்ற முத்திரை

நான் கேட்பது வேறு. நல்ல ரோல் பார் எப்படி இருக்க வேண்டும் என்பது ரகசியம் கிடையாது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. பிரதான வளையத்துக்குத் தையல் இல்லாத எஃகுக் குழாய், 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம். ஒவ்வொரு காலுக்கும் அடியில் 3 மி.மீ. தகடு, பரப்பு 120 சதுர செ.மீ.க்குக் குறையாமல். காலுக்கு மூன்று போல்ட்டாவது வேண்டும், 8 மி.மீ. தடிமன், தலையில் 8.8 என்று முத்திரை குத்தியது. டிங்கர் ஒரு டப்பாவைக் கவிழ்த்துத் தேடி அப்படி ஒரு போல்ட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கூடவே முத்திரை இல்லாத ஒன்றையும் வைத்தார். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. “இது வளையும் சார், அது நிக்கும்” என்றார். குழாயில் தலை படும் இடங்களில் கெட்டியான நுரை சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் சிறிய மோதலில்கூட அந்தக் குழாயே மண்டையை உடைக்கும்.

பெல்ட் விஷயத்தில் எனக்குப் பயம் அதிகம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் புதுப்பேட்டையிலும் பழைய காரிலிருந்து கழற்றிய பெல்ட்டுகள் தொங்கும். அதில் எது விபத்தில் சிக்கிய காரினுடையது என்று யாருக்குத் தெரியும்? ஒரு முறை மனித உடலின் வேகத்தைத் தாங்கிய பெல்ட் நூலளவில் இழுபட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு முறை தாங்கும் என்று நம்ப முடியாது. நெசவுக்குப் பேர்போன ஊரில் இதை விளக்கவே வேண்டாம், இழை தளர்ந்த துணி எப்படி இருக்கும் என்று அனகாபுத்தூர்க்காரர்களுக்குத் தெரியும். புது பெல்ட் வாங்குங்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பானட்டுக்கு முன்னால் மாட்டும் ‘புல் பார்’ கம்பிகளை 2017 டிசம்பரில் மத்திய அரசு தடுத்தது. அது சரியான முடிவு. அந்தக் கம்பி எதிரே நடந்து வருகிறவரைக் கொல்கிறது. தலைக்கு மேல் நிற்கும் குழாய் வேறு ரகம். அதற்கு முறையான வழி வேண்டும். கேஸ் கிட் பொருத்தவும், மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றியமைக்கவும் அனுமதியோடு வழி வைத்திருக்கும் அதே சட்டத்தில், உயிர்காக்கும் ஒரு குழாய்க்கு மட்டும் ஏன் இடம் இருக்கக் கூடாது?

ஒரகடத்தில் இருக்கிறது உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம். மத்திய அரசின் திட்டத்தில் அமைந்தது, மோதல் சோதனைக் கூடமே உண்டு. அனகாபுத்தூரிலிருந்து சுமார் ஒரு மணி நேர வழி. 3பி, 540, ஜிப்சி என்று அதிகம் ஓடும் பழைய மாடல்களுக்குத் தலா ஒரு ரோல் பார் வரைபடம் அங்கே தயாராகட்டும். அழுத்திப் பார்த்துச் சான்று கொடுக்கட்டும். வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டுப் பட்டறைகளுக்குத் தரட்டும். எஃப்.சி. எடுக்க வரும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் குழாயின் கனத்தையும் போல்ட்டின் முத்திரையையும் பார்த்துப் பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதட்டும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளுக்கு அரசே பாதி விலை தரலாம். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய மாநிலம் இது. மருத்துவமனைக் கட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு இந்தக் குழாய்க்குப் போதும்.

பேசிக்கொண்டிருந்தபோதே இளைஞர் ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்து, தலைக்கு மேலே கையை நீட்டி அந்த எஸ்.எஸ். குழாயைத் தட்டிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

“அண்ணே, நல்ல பைப்பு போட்டா எவ்ளோ ஆகும்?”

“பைப்பு பெரிய காசில்ல தம்பி. தகரத்துல மாட்டக் கூடாது. கீழ சேஸிஸ் வரைக்கும் எறக்கணும். பின்சீட்டக் கழட்டணும். நாலு நாள் வேல.”

“லிஃப்ட் பண்றத?”

டிங்கர் பதில் சொல்லவில்லை. சாக்பீஸ் ஒன்றை எடுத்து ஜீப்பின் தரைத்தகட்டில் குனிந்தார். அடியில் சேஸிஸ் எங்கே ஓடுகிறது என்று சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். வெற்றிடத்தில் தகரம் அதிர்ந்தது. ஓர் இடத்தில் சத்தம் கெட்டியாக விழுந்ததும் அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டார். எதிர்ப்பக்கம் போய் இன்னொன்று போட்டார். இளைஞர் இறங்கி வந்து ஸ்பேனரை எடுத்து, மின்னும் குழாயின் முதல் போல்ட்டைத் தானே கழற்ற ஆரம்பித்தார்.